எண் ஒத்துப்போனால் அசலா? பழைய .303 ரைஃபிள்களில் மாற்றுப் பாகங்களைக் கண்டுபிடிப்பது

ஏப்ரல் 6

மெல்போர்னிலிருந்து ஒருவர் கேட்கிறார்: “1942 லித்கோ எஸ்.எம்.எல்.ஈ., நம்பர் 1 மார்க் III ஸ்டார். ரிசீவர், பேரல், போல்ட், நோஸ்கேப் நாலிலும் ஒரே எண். விற்பவர் ‘ஒரு ஸ்க்ரூ கூட மாறாத அசல்’ என்று சத்தியம் பண்ணுகிறார். ஆனால் சின்னப் பாகங்களில் ஓஏ, பிஏ என்று வேறு வேறு எழுத்துகள். மரத்தில் ஸ்லாஸ் 42 என்று குத்தியிருக்கிறது. நாலைந்து துப்பாக்கிகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த சரக்கா இது?”

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: எஸ்.எம்.எல்.ஈ. என்பது பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 லீ-என்ஃபீல்ட் ரைஃபிள், ராணுவப் பெயர் நம்பர் 1; நம்பர் 4 அதன் பின்னாளைய வடிவம். லித்கோ, ஆஸ்திரேலியாவில் அதைச் செய்த தொழிற்சாலை. போல்ட் தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் உருளை, ரிசீவர் அது ஓடும் இரும்பு உடல், நோஸ்கேப் முன்முனையில் மாட்டும் இரும்பு மூடி. இனி கேள்விக்கு வருகிறேன். சந்தேகம் நல்லதுதான், ஆனால் இடம் மாறி விழுந்திருக்கிறது. அந்த எழுத்துகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். எண்களைத்தான் நான் பார்க்க வேண்டும். போல்ட் கைப்பிடியின் பின்பக்கத்தை, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்து அனுப்புங்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் ஒன்றும் தெரியாது.

ஏப்ரல் 6, இரவு

எழுத்துகள் ஏன் கவலை இல்லை என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டாம் உலகப் போரில் லித்கோ தொழிற்சாலையால் மட்டும் தேவையைச் சமாளிக்க முடியவில்லை. நியூ சவுத் வேல்ஸின் உள்நாட்டு ஊர்களில் கிளைத் தொழிற்சாலைகள் முளைத்தன. ஓஏ என்றால் ஆரஞ்ச், பிஏ பாதர்ஸ்ட், எஃப்ஏ ஃபோர்ப்ஸ், டபிள்யூஏ வெலிங்டன். பாகங்கள் அங்கே செய்யப்பட்டு வந்தன. ஸ்லாஸ் என்பது ஸ்லாசெஞ்சர். ஆமாம், டென்னிஸ் மட்டைக் கம்பெனியேதான். மட்டைக்கு மரம் வளைத்தவர்கள் போரில் துப்பாக்கிக் கட்டை கடைந்தார்கள்.

ஆக, 1942-43 லித்கோவில் இந்த எழுத்துகள் கலந்து கிடப்பது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே அப்படித்தான். கலப்பு எழுத்து என்றாலே மாற்றுப் பாகம் என்று ஒரு சூத்திரம் சுற்றுகிறது. அதை நம்பர் 4 வைத்திருப்பவர்கள் கிளப்பிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் சாவேஜ் செய்த நம்பர் 4-இல் பாகத்துக்குப் பாகம் சதுரமான ‘எஸ்’ இருக்கும். கனடாவின் லாங் பிராஞ்சில் ‘எல்பி’ இருக்கும். அங்கே எஸ் நடுவில் ஒரு எல்பி வந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். அந்த அளவுகோலை அப்படியே லித்கோ மேல் வைத்தால் நல்ல துப்பாக்கியைக் கெட்டது என்பீர்கள்.

ஏப்ரல் 9

படங்கள் வந்தன. நோஸ்கேப்பைத் தவிர மற்ற மூன்றும் தெளிவு. நன்றி.

போல்ட் கைப்பிடி ரிசீவரோடு சேரும் இடத்துக்குப் பின்னால், எண் இருக்கும் பரப்பு லேசாகக் குழிந்திருக்கிறது. அரத்தால் இழைத்த தடம் குறுக்காக ஓடுகிறது. கைப்பிடியின் மற்ற இடங்களில் இருக்கும் வளைவு அங்கே மட்டும் தட்டையாகிவிட்டது. பழைய எண்ணை யாரோ இழைத்து எடுத்திருக்கிறார்கள்.

இனி இலக்கங்களின் ஓரத்தைப் பாருங்கள். அச்சு குத்தும்போது உலோகம் இரண்டு பக்கமும் பிதுங்கும். எண்பது வருடம் எண்ணெய்த் துணியும் உள்ளங்கையும் பட்ட துப்பாக்கியில் அந்தப் பிதுக்கம் மழுங்கி, குழிக்குள் கறுப்பு நிறைந்திருக்கும். உங்கள் ரிசீவரில் அப்படித்தான் இருக்கிறது. போல்ட்டில் பிதுக்கம் கூராக நிற்கிறது. 7-இன் கால் ஓரத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று ஒரு கோடு. விரல் நகத்தால் மெதுவாக வருடுங்கள், தடுக்கும். அப்புறம் ரிசீவரின் 4 மேலே திறந்த 4, போல்ட்டின் 4 மூடிய 4.

போல்ட் மாறியிருக்கிறது. அது உறுதி.

ஏப்ரல் 9, சற்று நேரம் கழித்து

கோபப்பட்டுக் கடைக்குப் போன் போடும் முன் இதையும் படியுங்கள். போல்ட் மாற்றுவதும், பழைய எண்ணை இழைத்துப் புது எண் குத்துவதும் ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர்களே செய்த வேலை. போல்ட் தேய்ந்தால் ஸ்டோரிலிருந்து இன்னொன்றை எடுத்து, அதன் பூட்டும் பற்கள் ரிசீவரில் இரண்டு பக்கமும் சமமாக உட்காரும்வரை பொருத்தி, எண்ணை மாற்றுவார்கள். அது மோசடி இல்லை, துப்பாக்கியின் வரலாறு. டிப்போவில் இன்ஜின் மாற்றிய அரசுப் பேருந்தைப் போலி என்று யாராவது சொல்வோமா?

பிரச்சினை, விற்பதற்காக நேற்று குத்திய எண். எது யார் வேலை என்பதை மேல்பூச்சு சொல்லும். ஆர்மரர் குத்திய எண்ணுக்கு மேல் ஐம்பது வருட அழுக்காவது இருக்கும். தொழிற்சாலையில் முழுப் பழுது பார்த்தது என்றால் எண்ணுக்கு மேலேயே பூச்சு ஏறியிருக்கும். உங்களுடையதில் பூச்சைக் கிழித்துக்கொண்டு எண் இறங்கியிருக்கிறது. எனக்குச் சந்தேகமே இல்லை, இது சந்தையில் செய்த வேலை.

நோஸ்கேப்பைப் பற்றி இன்னும் வாயைத் திறக்க மாட்டேன். படம் மங்கல்.

ஏப்ரல் 14

பெர்த்திலிருந்து ஒருவர்: “சுடுவதற்குத்தானே வாங்குகிறோம், எண் எப்படி இருந்தால் என்ன?”

இருக்கிறது ஐயா. லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் பற்கள் பின்பக்கம்தான் பூட்டுகின்றன. ஒரு பல் மட்டும் தாங்கி இன்னொன்று காற்றில் நின்றால் அழுத்தம் ஒருபக்கமாக ஏறும். குறி சிதறும், நாளடைவில் உலோகமும் பாழ். போல்ட் முகத்துக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி வேறு இருக்கிறது. நம்பர் 4-இல் அதைச் சரிசெய்ய 0, 1, 2, 3 என்று எண் போட்ட போல்ட் தலைகள் உண்டு. எஸ்.எம்.எல்.ஈ.-யில் அந்த வசதி இல்லை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் பொருத்த வேண்டும். ஆகவே அந்நியப் போல்ட் என்று தெரிந்தால் அந்த இடைவெளியை அளக்கும் கேஜ் வைத்திருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் ஒரு ரவுண்டு கூடப் போடாதீர்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

ஏப்ரல் 20

மரத்தைப் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

போருக்குப் பிறகு ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் இந்தத் துப்பாக்கிகள் மலிவாகக் கிடைத்தன. வாங்கியவர்கள் மான் வேட்டைக்கு எடை குறையட்டும் என்று பேரலுக்குக் கீழே ஓடும் முன்கட்டையைப் பாதியில் அறுத்தார்கள், மேல் மரத்தைக் கழற்றி எறிந்தார்கள், நோஸ்கேப்பைக் குப்பையில் போட்டார்கள். இன்று ராணுவ வடிவத்துக்கு விலை ஏறியதும் அதே துப்பாக்கிகளுக்கு மறுபடி முழு மரம் மாட்டுகிறார்கள். மாட்டட்டும், நல்ல காரியம். மாட்டியதைச் சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க, மரமும் இரும்பும் சந்திக்கும் விளிம்பில் கை வையுங்கள். தொழிற்சாலை மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். கட்டையின் பின்முனையில் தோளில் அழுந்தும் பட் பிளேட் ஓரத்தில் விரலை ஓட்டினால் தெரியும். மரம் தாழ்ந்து இரும்பு விரலைக் கீறினால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்த மரத்தில் முத்திரைகளும் பாதி அழிந்திருக்கும். மரம் தாழ்ந்தும் முத்திரை மட்டும் புத்தம் புதுசாக இருந்தால் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

உள்ளே பாருங்கள். பழைய முன்கட்டையின் பேரல் வாய்க்கால் ஆளி விதை எண்ணெய் ஊறி ஏறக்குறையக் கறுப்பாக இருக்கும், மூலைகளில் கிரீஸ் கெட்டியாகிக் கிடக்கும். புது மரத்தில் உள்ளே வெளுப்பு, ரூட்டர் ஓடிய வட்டத் தடம். வெளியே எத்தனை சாயம் பூசினாலும் உள்ளே பூச யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

லித்கோ போர்க்கால முன்கட்டையில் இன்னொரு சாட்சி உண்டு. அதற்குப் பயன்படுத்திய ஆஸ்திரேலிய மரமான கோச்வுட் மென்மையானது. சுடும் உதை அதை நசுக்கிவிடும் என்று ரிசீவர் வந்து மோதும் இடத்தில் செம்புத் தகடு பதித்தார்கள். அந்தத் தகடும், அதைச் சுற்றிய மரத்தில் பச்சை பிடித்த கறையும் இருந்தால் எனக்கு நிம்மதி.

ஏப்ரல் 21

முன்கட்டையைக் கழற்றிப் பாருங்கள் என்றதும் ஒருவர் பட் கட்டையை முதலில் கழற்றக் கிளம்பியிருக்கிறார். நிறுத்துங்கள்! எஸ்.எம்.எல்.ஈ.-யில் பட் கட்டையைப் பிடிக்கும் நீளமான போல்ட்டின் முனை சதுரமானது. அது முன்கட்டையின் பின்முனையில் இருக்கும் தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. முன்கட்டை இருக்கும்போதே அதைத் திருகினால் மரம் பிளந்துவிடும். எப்போதும் முன்கட்டைதான் முதலில்.

பின்முனையில் விரிசலோடு விற்பனைக்கு வரும் முன்கட்டைகளில் எத்தனை இப்படிப் போனவையோ.

மே 2

கோயம்புத்தூரில் என்.சி.சி.-யில் இருந்த நண்பர் எழுதுகிறார்: “நாங்கள் டிரில்லுக்குத் தூக்கியதில் டிபி என்று குத்தியிருந்தது. வெளிநாட்டில் அதே மாதிரி பாகங்கள் விற்கிறார்களே, வாங்கலாமா?”

டிரில் பர்ப்பஸ் துப்பாக்கி. அணிவகுப்புக்கு மட்டும் என்று ஒதுக்கியது. பெரும்பாலும் ஒதுக்கப்பட்டதற்குக் காரணமே அது சுடத் தகுதி இழந்ததுதான். பேரலில் ஓட்டை போட்டிருப்பார்கள், ஊசியை வெட்டியிருப்பார்கள், மரத்தில் பெயின்ட் பட்டை அடித்திருப்பார்கள். அவற்றைப் பிரித்துப் பாகமாக விற்கும்போது டிபி முத்திரை இல்லாத பாகங்களும் கூடவே வந்துவிடுகின்றன. பட் பிளேட், ஸ்லிங் கொக்கி, மேல் மரம் என்றால் தாராளமாக வாங்குங்கள். போல்ட், ரிசீவர், பேரல் என்றால் தொடவே வேண்டாம். முத்திரையை இழைத்த டிபி போல்ட்டைவிட ஆபத்தான மாற்றுப் பாகம் கிடையாது.

இந்தியா என்று பேச்சு வந்ததால் இஷாப்பூர் பற்றியும் கொஞ்சம். வங்காளத்தில் ஹூக்ளி கரையில் இருக்கும் அந்தத் தொழிற்சாலைத் துப்பாக்கிகளில் பிரிட்டிஷ் காலத்தில் கிரீடத்துக்குக் கீழே ஜிஆர்ஐ (ஜார்ஜ் ரெக்ஸ் இம்பரேட்டர்) இருக்கும், அரசரே இந்தியப் பேரரசர் என்பதால் அந்த ‘ஐ’. விடுதலைக்குப் பிறகு ஆர்எஃப்ஐ, அதாவது ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர். முன்கட்டையில் குறுக்கே ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதைப் பார்த்ததும் “யாரோ கண்டபடி ரிப்பேர் பண்ணியிருக்கிறார்கள்” என்று முகம் சுளிப்பார்கள். இல்லை, அது அங்கே முறையாகச் செய்த பலப்படுத்தல். கறுப்பு பெயின்ட்டும் அப்படித்தான். 1917-இல் பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்த துப்பாக்கியில் அந்த ஸ்க்ரூ இருந்தால், அது ஒரு காலத்தில் இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது என்று அர்த்தம். மாற்றுப் பாகம்தான், ஆனால் எங்கே போனது வந்தது என்று அது சொல்லிவிடுகிறது. எனக்கு இப்படிப்பட்ட துப்பாக்கிகள்தான் பிடிக்கும்.

மே 3

மேலே சொன்ன பெயின்ட்டுக்கு ஒரு திருத்தம் மாதிரி: கறுப்பு பெயின்ட் எல்லாம் இந்தியா இல்லை. இங்கிலாந்திலும் போருக்குப் பிறகு முழுப் பழுது பார்த்தவற்றுக்குப் பாஸ்பேட் ஏற்றி அதன் மேல் சன்கோரைட் என்ற கறுப்பு பெயின்ட் அடித்தார்கள். எஃப்டிஆர் (ஃபேக்டரி தரோ ரிப்பேர், தொழிற்சாலை முழுப் பழுது) என்ற முத்திரையும் ஆண்டும் பக்கத்தில் இருந்தால் அந்த வழி.

எஃப்டிஆர் ஆன துப்பாக்கியில் ‘அசல் பாகம்’ என்ற பேச்சுக்கே இடம் குறைவு. அங்கே மொத்தமாகப் பிரித்து, தேய்ந்ததை எறிந்து, நல்லதைச் சேர்த்து, சில சமயம் புதுப் பேரலும் போட்டு அனுப்புவார்கள். பட் சாக்கெட்டில் (பட் கட்டை வந்து சேரும் இரும்புக் கழுத்து) 1918, பேரலில் 50-களின் தேதி என்றால் பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியது எஃப்டிஆர் முத்திரை இருந்தும் பளபளக்கும் நீலப் பூச்சோடு வருவது.

மே 11

“ஜங்கிள் கார்பைன் கிடைத்திருக்கிறது, இஷாப்பூர் செய்தது, 7.62!” என்று ஒருவர் குதிக்கிறார். மன்னிக்க வேண்டும்.

நிஜமான ஜங்கிள் கார்பைன் என்பது நம்பர் 4-ஐக் குட்டையாக்கி எடை குறைத்த நம்பர் 5, .303, இங்கிலாந்தில் 1944 முதல் செய்தது. இஷாப்பூரின் 7.62 என்றால் 2ஏ அல்லது 2ஏ1. 1962 சீனப் போருக்குப் பிறகு நேட்டோ தோட்டாவுக்கு மாறியபோது நல்ல எஃகில் செய்த நம்பர் 1 வாரிசு. 2ஏ-வின் பின்குறி 2000 மீட்டர் வரை அளவு போட்டது, 2ஏ1-இல் 800. இந்தத் துப்பாக்கியைப் பின்னாளில் அமெரிக்க வியாபாரிகள் குட்டையாக வெட்டி, பேரல் வாயில் தீப்பொறி மறைக்கும் கூம்பு மாட்டி, ஜங்கிள் கார்பைன் என்ற பெயரிலேயே விற்றார்கள். நம்பர் 4-க்கும் இதே கதி நேர்ந்தது.

நிஜமான நம்பர் 5-ஐ யாரும் எளிதில் போலி செய்ய முடியாத இடம் ஒன்று உண்டு. எடை குறைக்க ரிசீவரிலும் பேரலின் பின்பகுதியிலும் உலோகத்தைச் சீவி எடுத்திருப்பார்கள், போல்ட் குமிழையும் குடைந்திருப்பார்கள். கூம்பைப் பார்க்காதீர்கள், கூம்பைக் கடையில் வாங்கலாம். மேல் மரத்தைத் தூக்கிப் பேரலைப் பாருங்கள்.

உங்கள் 2ஏ1 சுடுவதற்கு நல்ல துப்பாக்கிதான். கொடுத்த விலைதான் உறுத்துகிறது.

மே 12

ஒருவர் தனியாகக் கேட்டார், தொலைநோக்கி மாட்டிய ஸ்னைப்பர் நம்பர் 4 (டி) பற்றி. அதில் பணம் பெரிது, அதனால் போலியும் பெரிது. லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் துப்பாக்கிக் கம்பெனி மாற்றியவற்றில் பட் கட்டையின் அடியில் எஸ்51 என்ற குறியீடு இருக்கும். ரிசீவரின் இடப்பக்கம் டி, பட் சாக்கெட்டில் டிஆர். தொலைநோக்கியின் எண் கட்டையின் கழுத்தில் குத்தியிருக்கும். துப்பாக்கியின் எண் பிராக்கெட்டில் இருக்கும். இந்தக் குறிகள் எல்லாம் இருந்து, எண்களும் ஒத்து, அதே சமயம் எல்லாம் வேறு வேறு கையால் வேறு வேறு நாளில் குத்தியது போல் இருந்தால் நம்பிக்கை வரும். எல்லாமே ஒரே பெட்டி அச்சில், ஒரே ஆழத்தில், ஒரே வரிசை சுத்தத்தோடு இருந்தால்? அத்தனை ஒழுங்கு போர்க்காலத்தில் யாருக்கும் வாய்க்கவில்லை.

மே 19

மெல்போர்ன்காரர் நோஸ்கேப் படத்தைத் திரும்ப அனுப்பினார். அதே மூடிய 4. ரிசீவரும் பேரலும் மட்டும் ஒரே கை. விற்றவரிடம் படங்களைக் காட்டியதும் அவர் முதலில் தாத்தா கதை சொல்லியிருக்கிறார், பிறகு விலையைக் குறைத்திருக்கிறார். இவரும் வாங்கிவிட்டார்! பேரலும் ரிசீவரும் மரமும் நல்லவை என்பதால் நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மெக்கானிக் கேஜ் போட்டுப் பார்த்து, போல்ட் தலையை மட்டும் மாற்றச் சொன்னாராம்.

ஜூன் 8

வேறு நாட்டுத் துப்பாக்கிகளுக்கும் இதே கண்ணா என்ற கேள்விக்கு: இல்லை. அமெரிக்க எம்1 கராண்டில் எண் ரிசீவரில் மட்டும்தான். மற்ற பாகங்களில் இருப்பது வரைபட எண், அதாவது அந்தப் பாகத்தின் மாதிரி எண். அதனால் “எல்லா எண்ணும் ஒத்துப்போகும் கராண்ட்” என்று யாராவது சொன்னால் அவருக்குக் கராண்டே தெரியாது. ஜெர்மனியின் கே98-இல் சின்ன ஸ்க்ரூ வரை எண்ணின் கடைசி இலக்கங்கள் இருக்கும், ஆனால் சோவியத் கைப்பற்றிச் சீரமைத்தவற்றில் பாகங்கள் கலந்து, போல்ட்டில் மின்பேனாவால் புது எண் கிறுக்கியிருக்கும். ஸ்விஸ் கே31-இல் பட் பிளேட்டைக் கழற்றினால் சில சமயம் அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர்ச் சீட்டே கிடைக்கும். பொறாமையாக இருக்கிறது.

அப்புறம் பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் பட்டறைகள். அங்கே மாற்றுப் பாகம் என்ற தொல்லையே இல்லை, முழுத் துப்பாக்கியும் அவர்களுடையது! கண்ணாடியில் பார்த்தது போல் இடவலமாகத் திரும்பிய ‘என்’ எழுத்து, விக்டோரியா ராணியின் முத்திரைக்குக் கீழே அவர் இறந்த 1901-க்குப் பிந்தைய ஆண்டு. அரத்தை மட்டும் வைத்து இதைச் செய்தவன் கைத்திறனை நினைத்தால் மரியாதை வருகிறது. சுட்டுப் பார்க்கும் அளவுக்கு வராது.

ஜூன் 15

ஸ்க்ரூ பற்றிக் கேட்டவருக்கு. பழைய ராணுவ ஸ்க்ரூவின் வெட்டு ஒல்லியானது. இன்றைய ஆப்பு வடிவ ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக இறங்காது, வாயைக் கடித்துவிடும். கடிபட்ட வாய் இருந்தால் பின்னாளில் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆனால் எல்லா ஸ்க்ரூவும் கடிபட்டு ஒன்று மட்டும் கன்னியாக இருந்தால் அந்த ஒன்றுதான் புதுசு. மரையும் பார்க்க வேண்டும். என்ஃபீல்ட் மரை மெட்ரிக் இல்லை. ஹார்டுவேர் கடை ஸ்க்ரூ இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும், பலவந்தமாக ஏற்றினால் ரிசீவர் மரை போய்விடும். முன்பக்க ட்ரிக்கர் கார்ட் ஸ்க்ரூதான் முன்கட்டையை ரிசீவரோடு இழுத்துப் பிடிக்கிறது, அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒல்லி வாய்க்குப் பொருந்தும், பக்கங்கள் இணையான ஸ்க்ரூடிரைவர் முனை ஒன்றை அரைத்து வைத்துக்கொண்டால் போதும், நான் பழைய அரம் ஒன்றை அரைத்து வைத்திருக்கிறேன்.